ஓஹையோ ஸ்டேட் 2024 சீசன்: அடிக்கடி கேக்குற கேள்விகளுக்கு பதில்

எந்த டீம், எந்த சீசன் பத்தி பேசுறோம்?

அமெரிக்க காலேஜ் ஃபுட்பால்ல ஓஹையோ ஸ்டேட் யூனிவர்சிட்டி டீம், பேரு பக்கைஸ், ஊரு கொலம்பஸ். 2024 ஆகஸ்ட் 31ல ஆரம்பிச்சு 2025 ஜனவரி 20ல முடிஞ்ச சீசன். மொத்தம் 16 மேட்ச், 14 ஜெயிச்சாங்க, 2 தோத்தாங்க, கடைசில நேஷனல் சாம்பியன். கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா அந்த ரெண்டு தோல்வில ஒண்ணு யாருகிட்ட, எங்க, எப்படின்னு தெரிஞ்சாதான் இந்த சீசனோட அருமை புரியும். நவம்பர் 30 சாயங்காலம் கோச்சை தூக்குங்கன்னு கத்தின அதே ஃபேன்ஸ் ஜனவரி 20 ராத்திரி அதே கோச்சுக்காக அழுதாங்க. நடுவுல என்ன மாறுச்சுங்கிறதுதான் இங்க பெரும்பாலான கேள்விக்கு அடிப்படை.

முதல்ல இது எந்த ஃபுட்பால்? மெஸ்ஸி ஆடுறதா?

இல்ல. இது அமெரிக்கன் ஃபுட்பால், ஹெல்மெட் போட்டு, முட்டை மாதிரி ஷேப்ல இருக்குற பந்தை கையில தூக்கிட்டு ஓடுறது. ஒரு பக்கம் 11 பேரு, மைதானம் 100 யார்டு, ரெண்டு பக்கமும் 10 யார்டு எண்ட் ஸோன். 4 சான்ஸ்ல 10 யார்டு முன்னேறணும், முன்னேறிட்டா மறுபடி 4 சான்ஸ், இந்த சான்ஸுக்குத்தான் டவுன்னு பேரு. எண்ட் ஸோனுக்குள்ள போயிட்டா டச்டவுன், 6 பாயிண்ட், அதுக்கு மேல உதைச்சு 1 இல்லன்னா இன்னொரு தடவ ஓடியோ பாஸ் பண்ணியோ 2 எடுக்கலாம். கம்பத்துக்கு நடுவுல உதைச்சா ஃபீல்ட் கோல், 3 பாயிண்ட். இன்னும் ரூல்ஸ் நிறைய இருக்கு, ஆனா இவ்ளோ தெரிஞ்சாலே மேட்ச் பாக்க ஆரம்பிச்சிடலாம், மிச்சம் பாக்க பாக்க தானா வந்துடும்.

காலேஜ் பசங்க ஆடுற மேட்ச்சுக்கு ஏன் இவ்ளோ கூட்டம்?

ஓஹையோ ஸ்டேடியம்ல 1,02,780 பேரு உக்காரலாம். 1922ல திறந்தது, குதிரை லாடம் ஷேப்ல இருக்கும், அதனால எல்லாரும் ஹார்ஸ்ஷூ, சுருக்கமா ஷூன்னு தான் சொல்லுவாங்க. கொலம்பஸ்ல என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பாலோட புரொஃபஷனல் லீக்) டீம் கிடையாது, கிளீவ்லாண்ட்லயும் சின்சினாட்டிலயும்தான் இருக்கு, அதனால இந்த ஊருக்கு எல்லாமே இந்த காலேஜ் டீம்தான். அதுவும் போக இந்த ஆட்டத்துல ஃபேன்ஸ் டீமை தேர்ந்தெடுக்கறது ரொம்ப கம்மி, தாத்தா படிச்ச காலேஜ், அப்பா பாத்த டீம், நான் படிச்ச இடம்னு அது பொறந்ததுலேர்ந்தே கூட வருது.

மேட்ச்சுக்கு முன்னாடி வர்ற பாண்ட் பத்தியும் சொல்லியே ஆகணும். பித்தளை வாத்தியமும் டிரம்ஸும் மட்டும்தான், புல்லாங்குழல், கிளாரினெட் எதுவும் இல்ல. 1936லேர்ந்து அவங்க மைதானத்துல நடந்துகிட்டே 'ஓஹையோ'ன்னு கையெழுத்து மாதிரி ஆங்கிலத்துல எழுதிக் காட்டுறாங்க, ஒரே வரிசையா வளைஞ்சு வளைஞ்சு போயி எழுத்து முடியும்போது சூசஃபோன்ங்கிற அந்த பெரிய வாத்தியத்தை தூக்கிட்டு ஒருத்தர் மட்டும் தனியா நெஞ்ச நிமித்தி நடந்து போயி அந்த 'ஐ' எழுத்து மேல புள்ளியா நிப்பாரு, தொப்பிய கழட்டி நல்லா குனிஞ்சு ரெண்டு பக்கமும் வணக்கம் வைப்பாரு, லட்சம் பேரு கத்துவாங்க. பல வருஷம் பாண்ட்ல உழைச்ச சூசஃபோன்காரங்களுக்குத்தான் அந்த இடம் கிடைக்கும். வீடியோ கிடைச்சா கண்டிப்பா பாருங்க.

சீசன் எப்படி நடக்கும்?

ஆகஸ்ட் கடைசிலேர்ந்து நவம்பர் கடைசி வரை 12 ரெகுலர் மேட்ச், பெரும்பாலும் சனிக்கிழமை. ஓஹையோ ஸ்டேட் இருக்குறது பிக் டென் கான்ஃபரன்ஸ், கான்ஃபரன்ஸ்னா தங்களுக்குள்ள ஆடிக்கிற காலேஜ் டீம்களோட குழு, பேருதான் டென், 2024ல ஓரிகன், வாஷிங்டன், யுஎஸ்சி, யுசிஎல்ஏ சேர்ந்ததும் 18 டீம் ஆயிடுச்சு. 12ல 9 மேட்ச் கான்ஃபரன்ஸுக்குள்ள, மிச்சம் 3 வெளி டீம் கூட. டிசம்பர் முதல் வாரம் கான்ஃபரன்ஸ் ஃபைனல், அப்புறம் நேஷனல் சாம்பியனை முடிவு பண்ற நாக்அவுட் மேட்ச்கள், அதுதான் ப்ளேஆஃப்.

2024 ஆரம்பிக்கும்போது டீம் என்ன நெலமைல இருந்துச்சு?

ஆளுங்க இருந்தாங்க, நிம்மதி இல்ல. 2021, 2022, 2023ன்னு மூணு வருஷம் தொடர்ந்து பரம எதிரி மிஷிகன் கிட்ட தோல்வி, 2023ல அந்த மிஷிகன் நேஷனல் சாம்பியனும் ஆயிடுச்சு, அது புண்ணுல உப்பு தடவின கதை. அந்த சீசன் கடைசி மேட்ச்ல மிசௌரி கிட்ட 14-3ன்னு தோத்தாங்க, ஒரு டச்டவுன் கூட போடல.

அங்கதான் ஒரு முக்கியமான விஷயம் நடந்துச்சு. ஜாக் சாயர், ஜேடி டுயிமோலோவ், எமெகா எக்புகா, டிரெவியான் ஹென்டர்சன், டென்சல் பர்க், டோனவன் ஜாக்சன், லேதன் ரான்சம் இவங்க எல்லாம் அந்த வருஷமே என்எஃப்எல் போயிருக்கலாம், சம்பளம் காத்துட்டு இருந்துச்சு. போகல. மிஷிகனை ஜெயிக்காம, எந்த பட்டமும் இல்லாம கிளம்ப மாட்டோம்னு இன்னொரு வருஷம் இருந்தாங்க. இந்த சீசன்ல எனக்கு ரொம்ப பிடிச்ச முடிவு இதுதான், மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

வெளியிலேர்ந்தும் ஆளு வந்தாங்க. கன்சாஸ் ஸ்டேட்லேர்ந்து குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துறவரு) வில் ஹவார்ட், ஓல் மிஸ்லேர்ந்து ரன்னிங் பேக் (பந்தோட ஓடுறவரு) குயின்ஷான் ஜட்கின்ஸ், அலபாமால நிக் சேபன் ரிட்டயர் ஆனதும் அங்கிருந்து சேஃப்டி (பின்னாடி நின்னு தடுக்குறவரு) கேலப் டவுன்ஸ், சென்டர் (முன்வரிசை நடுவுல நின்னு குவார்ட்டர்பேக்குக்கு பந்தை எடுத்துக் குடுக்குறவரு) செத் மெக்லாஃப்லின். ஸ்கூல் முடிச்சு நேரா வந்தது ஜெரமையா ஸ்மித், ரிசீவர், அதாவது பாஸைப் பிடிக்கிற ஆளு, முதல் வருஷப் பையன், வந்த உடனே டீம்லயே ஆபத்தான ஆளு ஆயிட்டான். ஆஃபென்ஸ் (பந்து கையில இருக்கும்போது ஆடுற பக்கம்) நடத்த சிப் கெல்லி வந்தாரு, யுசிஎல்ஏல ஹெட் கோச்சா இருந்த வேலைய விட்டுட்டு கீழ் பதவிக்கு வந்தாரு. ஹெட் கோச் ரயான் டே நியூ ஹாம்ப்ஷயர்ல குவார்ட்டர்பேக்கா ஆடும்போது அவருக்கு கோச்சா இருந்தது இதே கெல்லிதான், இப்போ குருவே சிஷ்யனுக்கு கீழ வேலை பாத்தாரு.

காசு குடுத்து வாங்கின டீம்னு சொல்றாங்களே, உண்மையா?

பாதி உண்மை. 2021 ஜூலைலேர்ந்து காலேஜ் வீரர்கள் அவங்க பேரு, முகம், அடையாளத்தை வச்சு சம்பாதிக்கலாம், இதைத்தான் என்ஐஎல்னு சொல்றாங்க. டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்னு ஒரு பட்டியல்ல பேரு குடுத்துட்டா வேற காலேஜுக்கு மாறலாம். 2024 டீமுக்கு கிட்டத்தட்ட 2 கோடி டாலர் என்ஐஎல் பணம் போச்சுன்னு அந்த யூனிவர்சிட்டி விளையாட்டுத் துறை தலைவர் ராஸ் பியார்க்கே வெளிப்படையா சொன்னாரு.

ஆனா அந்த காசுல ஒரு பெரிய பங்கு ஏற்கனவே இருந்த சீனியர்ஸை போகாம வச்சுக்கத்தான் போச்சு, இதை யாரும் பேச மாட்டேங்குறாங்க. சாயர் கொலம்பஸ் பக்கத்துல இருக்குற பிக்கரிங்டன் பையன், அவன் சின்ன வயசுலேர்ந்து கனவு கண்ட டீம் இது. அவனை போயி வாங்கின ஆளுன்னு சொல்றது அநியாயம்.

முதல் தோல்வி எப்படி?

முதல் அஞ்சு மேட்ச் சுலபம், ஆக்ரன் 52-6, வெஸ்டர்ன் மிஷிகன் 56-0, மார்ஷல் 49-14, மிஷிகன் ஸ்டேட் 38-7, அயோவா 35-7. அக்டோபர் 12, ஓரிகன்ல யூஜீன் ஊருல ஆட்ஸன் ஸ்டேடியம், ரெண்டாம் ரேங்க் ஓஹையோ ஸ்டேட்டும் மூணாம் ரேங்க் ஓரிகனும், 32-31ன்னு ஓரிகன் ஜெயிச்சுது.

கடைசி 10 செகண்ட்தான் இன்னைக்கும் பேசுறாங்க. ஓஹையோ ஸ்டேட் கிட்ட பந்து, ஃபீல்ட் கோல் உதைக்கிற தூரத்துக்கு வந்தா போதும். ஓரிகன் 11க்கு பதிலா 12 பேரை இறக்கிடுச்சு, பாஸை யாரும் பிடிக்கல, தப்புக்கு 5 யார்டு குடுத்தாங்க, ஆனா அந்த ப்ளேல, அதாவது அந்த ஒரு சான்ஸ்ல, ஓடின 4 செகண்டை திருப்பிக் குடுக்க ரூல்ல இடமே இல்ல. 5 யார்டை விட அந்த 4 செகண்ட் பெருசு. மிச்சம் 6 செகண்ட், ஹவார்ட் பந்தை எடுத்துட்டு ஓடினாரு, சறுக்கி உக்காந்து டைம்அவுட் கேட்டா கடிகாரம் பூஜ்ஜியம் காட்டுது. அந்த 12ஆவது ஆள் வேணும்னே இறக்கினதுதான்னு ஓரிகன் கோச் டான் லேனிங் அப்புறம் மறைமுகமா ஒத்துக்கிட்டாரு. சில நாள்லயே காலேஜ் விளையாட்டை நடத்துற அமைப்பான என்சிஏஏ விளக்கம் விட்டுச்சு, இனிமே இப்படி நடந்தா அந்த நேரத்தை திருப்பிப் போடலாம்னு. ஒரு மேட்ச்சால சீசன் நடுவுலயே ரூலை மாத்தி வாசிச்சாங்கன்னா அந்த ஓட்டை எவ்ளோ பெருசுன்னு பாத்துக்கோங்க.

என்னைக் கேட்டா அதை விட பெரிய அடி அதே மேட்ச்ல லெஃப்ட் டேக்கிள் ஜாஷ் சிமன்ஸுக்கு முட்டி போனது. குவார்ட்டர்பேக்குக்கு முதுகுப் பக்கம் காவல் நிக்குற ஆளு அவரு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருது.

நவம்பர்ல டீம் நல்லா இருந்துச்சா?

நெப்ராஸ்கா கூட 21-17ன்னு தட்டுத்தடுமாறி ஜெயிச்சாங்க, சிமன்ஸ் இல்லாத லைன், அதாவது குவார்ட்டர்பேக்கை காக்குற முன்வரிசை, அன்னைக்கு ஆட்டம் கண்டுச்சு, அப்புறம் அதே வரிசைல உள்பக்கம் கார்டா இருந்த டோனவன் ஜாக்சனை ஓரத்துல டேக்கிளுக்கு மாத்தினாங்க. அடுத்த வாரம் பென் ஸ்டேட்ல 20-13. ஹவார்ட் பென்சில்வேனியாக்காரரு, சின்ன வயசுல அந்த காலேஜுக்கு ஆடணும்னு ஆசைப்பட்டவரு, அவங்க கூப்பிடவே இல்ல. அந்த மேட்ச்ல கடைசி குவார்ட்டர்ல (மேட்ச்சோட நாலு பங்குல கடைசி) பென் ஸ்டேட் 3 யார்டு தூரத்துல வந்து நின்னுச்சு, மூணு தடவ ஓடிப் பாத்துச்சு, நாலாவது தடவ பாஸ், ஒண்ணும் நடக்கல, அதுக்கப்புறம் மிச்சம் இருந்த அஞ்சு நிமிஷத்தையும் ஓஹையோ ஸ்டேட் பந்தை விடாம வச்சு தீத்துடுச்சு.

அப்புறம் பர்டூ 45-0, நார்த்வெஸ்டர்ன் 31-7. நவம்பர் 23, அதுவரைக்கும் ஒரு மேட்ச்கூட தோக்காத இண்டியானாவை 38-15ன்னு அடிச்சாங்க, டவுன்ஸ் ஒரு பண்ட்டை, அதாவது எதிர் டீம் பந்தை விட்டுக்குடுக்கும்போது தூரமா உதைச்சதை, பிடிச்சு 79 யார்டு திருப்பி ஓடி டச்டவுன் போட்டாரு. ஆனா அந்த வாரம் பிராக்டீஸ்ல சென்டர் மெக்லாஃப்லினுக்கு குதிகால் தசைநாண் அறுந்துடுச்சு. லைன்ல ரெண்டாவது தூணும் போச்சு. நாட்டுலயே சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் டிராஃபி அந்த வருஷம் அவருக்குத்தான் கிடைச்சுது, அவ்ளோ பெரிய ஆளு இல்லாம மிஷிகன் மேட்ச்சுக்கு போனாங்க.

மிஷிகன் மேட்ச்னா ஏன் இவ்ளோ சீன்?

இந்தியா பாகிஸ்தான் மேட்ச்னா நமக்கு எப்படியோ அப்படி. 1897ல ஆரம்பிச்சது, ரெண்டு மாநிலமும் ஒட்டி இருக்கு, மேட்ச்சுக்கு பேரே 'தி கேம்' தான். அந்த வாரம் கொலம்பஸ் கேம்பஸ் பூரா போர்டுல இருக்குற 'எம்' எழுத்தையெல்லாம் சிவப்பு டேப் ஒட்டி அடிச்சு வச்சிருப்பாங்க. ஜெயிச்சா ஒவ்வொரு வீரருக்கும் தங்கக் கலர்ல குட்டி பேண்ட் ஷேப்ல ஒரு பதக்கம் குடுப்பாங்க, அது 1934லேர்ந்து வர்ற பழக்கம். 2021லேர்ந்து இருந்த வீரர்கள் கிட்ட அதுல ஒண்ணுகூட இல்ல. இந்த சீனியர்ஸ் திரும்பி வந்ததுக்கு காரணத்துல பாதி அந்த குட்டி பேண்ட்தான்.

நவம்பர் 30 என்னதான் ஆச்சு?

மிஷிகன் 6-5ன்னு, அதாவது 6 ஜெயிச்சு 5 தோத்து வந்துச்சு, கோச் புதுசு, அவங்க டைட் எண்ட் (தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்யறவரு) கோல்ஸ்டன் லவ்லாண்டும் கார்னர் (எதிர் டீம் ரிசீவரை மடக்குறவரு) வில் ஜான்சனும் ஆடல. ஓஹையோ ஸ்டேட் சுமார் 20 பாயிண்ட் வித்தியாசத்துல ஜெயிக்கும்னு எல்லாரும் கணக்கு போட்டாங்க. ரிசல்ட் மிஷிகன் 13, ஓஹையோ ஸ்டேட் 10, அதுவும் சொந்த மைதானத்துல.

இதை கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா சீசனோட பூட்டும் சாவியும் இங்கதான் இருக்கு. மிஷிகனோட பலம் நடுவுல நிக்குற ரெண்டு மலை, மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட். ஓஹையோ ஸ்டேட்டோட பலவீனம் அதே நடு இடம், சென்டர் புதுசு, லைன் ஒட்டுப்போட்டது. வெளியில ஜெரமையா ஸ்மித், எக்புகா, கார்னெல் டேட்னு மூணு பேரு நிக்கிறாங்க, எதிரிக்கு பெஸ்ட் கார்னர் வேற ஆடல. அப்போ பந்தை எங்க அனுப்பணும்? சின்னக் குழந்தைகூட சொல்லும். ஆனா அன்னைக்கு திரும்பத் திரும்ப நடுவுலயே ஓடினாங்க, மிஷிகன் கிட்ட முரட்டுத்தனமா ஜெயிச்சுக் காட்டணுங்கிற வைராக்கியம் மூணு வருஷமா சேர்ந்து கண்ண மறைச்சிடுச்சு. ஹவார்ட் ரெண்டு இன்டர்செப்ஷன் குடுத்தாரு, அதாவது அவரு வீசின பந்தை எதிரி பிடிச்சுட்டாங்க, அதுல ஒண்ணு நேரா மிஷிகன் டச்டவுனுக்கு வழி போட்டுச்சு. கிக்கர் ஜேடன் ஃபீல்டிங் 40 யார்டுக்குள்ளேர்ந்து ரெண்டு ஃபீல்ட் கோல் மிஸ். ஹாஃப் டைம்ல 10-10, ரெண்டாவது பாதில ஓஹையோ ஸ்டேட் ஒரு பாயிண்ட்கூட எடுக்கல. கடைசில கலெல் மல்லிங்ஸ் மூணாவது டவுன்ல 27 யார்டு ஓடினாரு, 45 செகண்ட் மிச்சம் இருக்கும்போது டொமினிக் ஸ்வாடா 21 யார்டு கிக், முடிஞ்சுது.

டிஃபென்ஸ், அதாவது எதிர் டீமை தடுக்குற பக்கம், அது மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. 13 பாயிண்ட் குடுத்து தோக்குறது டிஃபென்ஸ் தப்பே இல்ல.

கொடி சண்டை என்ன?

மிஷிகன் வீரர்கள் மைதானம் நடுவுல அவங்க கொடிய நட வந்தாங்க, சண்டை, போலீஸ் பெப்பர் ஸ்ப்ரே அடிச்சாங்க, சாயர் கொடிய கம்பத்துலேர்ந்து பிச்சு எறிஞ்சாரு. பிக் டென் ரெண்டு யூனிவர்சிட்டிக்கும் ஆளுக்கு 1 லட்சம் டாலர் ஃபைன். அதுக்கு மேல அதுல ஒண்ணுமில்ல.

தோத்தப்புறம் எப்படி ப்ளேஆஃப் போனாங்க?

அந்த வருஷம்தான் முதல் தடவையா 12 டீம் ப்ளேஆஃப். 2014லேர்ந்து 2023 வரை 4 டீம்தான். பழைய முறையா இருந்திருந்தா ரெண்டு தோல்வியோட இவங்க கதை அன்னைக்கே முடிஞ்சிருக்கும். புது முறைல ரேங்க்ல மேல இருக்குற 5 கான்ஃபரன்ஸ் சாம்பியனுக்கு நேரடி இடம், மிச்ச 7 இடம் கமிட்டி ரேங்க் படி. ஓஹையோ ஸ்டேட் 8ஆவது சீட், அதாவது அந்த 12 பேரு வரிசைல 8ஆவது இடம்.

மிஷிகனை ஜெயிச்சிருந்தா டிசம்பர் முதல் வாரம் இண்டியானாபொலிஸ்ல கான்ஃபரன்ஸ் ஃபைனல் ஆடியிருக்கணும், தோத்ததால பென் ஸ்டேட் போச்சு, ஓரிகன் 45-37ன்னு ஜெயிச்சு ஒண்ணாவது சீட் வாங்கிச்சு. ஓஹையோ ஸ்டேட்டுக்கு மூணு வாரம் ஓய்வு. அந்த இடைவெளில வீரர்களும் கோச்சுகளும் ஒண்ணா உக்காந்து மனசுல இருந்ததெல்லாம் கொட்டிப் பேசினாங்க.

இன்னொரு விஷயம், அந்த வருஷம் டாப் 4 கான்ஃபரன்ஸ் சாம்பியனுக்கு முதல் ரவுண்ட் ஆட வேண்டாம்னு சலுகை. ஓரிகன், ஜார்ஜியா, பாய்ஸி ஸ்டேட், அரிசோனா ஸ்டேட். நாலு பேருமே அவங்க முதல் மேட்ச்லயே தோத்தாங்க. அடுத்த வருஷத்துலேர்ந்து சீட் கொடுக்கிறத நேரா ரேங்க் படி மாத்திட்டாங்க.

அப்போ டிசம்பர்ல என்ன மாறுச்சு? அதே ஆளுங்கதானே?

அதே ஆளுங்கதான், பந்து போற இடம் மாறுச்சு. டிசம்பர் 21, ப்ளேஆஃப் முதல் ரவுண்ட், எதிர்ல டென்னசி, ராத்திரி கடுங்குளிர், ஷூல டென்னசி ஃபேன்ஸ் ஆரஞ்சு கலர்ல ஸ்டேடியத்துல பெரிய பங்கை பிடிச்சிருந்தாங்க, சொந்த ஃபேன்ஸே டிக்கெட்டை வித்துட்டாங்கன்னு பேச்சு. முதல் குவார்ட்டர் முடியும்போது 21-0. ஆரம்பத்துலேர்ந்தே ஸ்மித்துக்கு நீளமா வீசினாங்க, டிஃபென்ஸ் பயந்து பின்வாங்கினதும் நடுவுல வழி திறந்துச்சு, ஜட்கின்ஸும் ஹென்டர்சனும் ஆளுக்கு ரெண்டு டச்டவுன். மிஷிகன் மேட்ச்ல முட்டி மோதின அதே கதவு, இப்போ வெளியில பாஸ் பண்ணினதும் தானா திறந்துச்சு. 42-17.

ஜனவரி 1 ரோஸ் பவுல், அதுதான் குவார்ட்டர்ஃபைனல், எதிர்ல அதே ஓரிகன், 13-0ன்னு ஒரு தோல்வி இல்லாம வந்த டீம். ரெண்டாவது குவார்ட்டர்ல 34-0. ஒண்ணாம் நம்பர் டீமுக்கு எதிரா 34-0, அந்த ஸ்கோர்போர்டை பாத்து கண்ண கசக்கிக்காத ஆளே இருந்திருக்க மாட்டாங்க. ஸ்மித் 7 கேட்ச், 187 யார்டு, 2 டச்டவுன். ஹென்டர்சன் ஒரே ஓட்டத்துல 66 யார்டு. டிஃபென்ஸ் ஓரிகன் குவார்ட்டர்பேக் டில்லன் கேப்ரியலை 8 தடவ கீழ தள்ளிச்சு. 41-21. ஒட்டுப்போட்ட லைன்னு சொன்னோமே, அந்த லைனும் இந்த மூணு வாரத்துல செட் ஆயிடுச்சு.

சாயர் ஓட்டம்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன?

ஜனவரி 10, காட்டன் பவுல், டெக்சஸ் மாநிலத்துலயே டெக்சஸ் டீம் கூட செமிஃபைனல். டெக்சஸ் ஸ்மித்தை மூடிடுச்சு, முழு மேட்ச்லயும் 1 கேட்ச், 3 யார்டு, அவ்ளோதான். அதனால மேட்ச் நெருக்கமா போச்சு. ஹாஃப் டைமுக்கு சில செகண்ட் முன்னாடி ஹென்டர்சன் ஒரு குட்டி பாஸை வாங்கி 75 யார்டு ஓடினாரு, டெக்சஸ் மறுபடி சமன் பண்ணி 14-14. நாலாவது குவார்ட்டர்ல நாலாவது டவுன், ஹவார்ட் தானே பந்தை வச்சுகிட்டு 18 யார்டு ஓடினாரு, அங்கேர்ந்து ஜட்கின்ஸ் உள்ள போயி 21-14.

இப்போ டெக்சஸ் முறை. 1 யார்டு லைன்ல நிக்கிறாங்க, இன்னும் மூணு அடி போனா சமன். ரெண்டாவது டவுன்ல பந்தை ஓரமா வீசி ஓடப் பாத்தாங்க, 7 யார்டு பின்னாடி போச்சு. நாலாவது டவுன், 8 யார்டு தூரம். குவின் யூவர்ஸ் பாஸுக்கு கைய தூக்கும்போது சாயர் ஓரமா சுத்தி வந்து கைய தட்டிவிட்டாரு, பந்து கீழ விழுந்து குதிச்சு சாயர் கைக்கே வந்துச்சு, முன்னாடி யாருமே இல்ல, கிட்டத்தட்ட மைதானம் முழுசா 83 யார்டு. டிஃபென்ஸ் லைன்ல ஆடுற கனமான ஆளு அவரு, அவ்ளோ தூரம் பின்னாடி துரத்துறவங்க பிடிக்க முடியாத அளவுக்கு ஓடினாரு. 28-14.

யூவர்ஸ் 2021ல கொஞ்ச நாள் ஓஹையோ ஸ்டேட்லதான் இருந்தாரு, அப்போ அவரோட ரூம்மேட் யாரு தெரியுமா, சாயர்தான்.

ஃபைனல்?

ஜனவரி 20, அட்லாண்டா, நோட்டர் டேம். அவங்க கோச் மார்கஸ் ஃப்ரீமன் ஓஹையோ ஸ்டேட் டிஃபென்ஸ்ல லைன்பேக்கரா ஆடினவரு. நோட்டர் டேம் முதல் டிரைவ்லயே, அதாவது பந்து கைக்கு வந்த முதல் தடவையே, 18 ப்ளே எடுத்து கிட்டத்தட்ட 10 நிமிஷம் பந்தை விடாம வச்சு டச்டவுன் போட்டுச்சு. அதுக்கு பதிலா ஓஹையோ ஸ்டேட் வரிசையா முதல் நாலு டிரைவும் டச்டவுன். ஹவார்ட் முதல் 13 பாஸும் கரெக்டா போச்சு, ஒண்ணுகூட கீழ விழல. மூணாவது குவார்ட்டர்ல 31-7.

முடிஞ்சுதுன்னு நினைக்கும்போது நோட்டர் டேம் ரெண்டு டச்டவுன், ரெண்டுக்கும் 2 பாயிண்ட் சேத்து 31-23ன்னு வந்துட்டாங்க. ஓஹையோ ஸ்டேட்டுக்கு மூணாவது டவுன், 11 யார்டு வேணும். பந்தை பத்திரமா ஓடி கடிகாரத்தை தின்னுட்டு பண்ட் அடிக்கலாம், நவம்பர் 30 புத்தி அதைத்தான் செஞ்சிருக்கும். சிப் கெல்லி ஸ்மித்துக்கு நீளமா பாஸ் சொன்னாரு, ஹவார்ட் தூக்கிப் போட்டாரு, 56 யார்டு. எனக்கு இந்த ஒரு ப்ளேதான் முழு சீசனும்.

அங்கேர்ந்து 26 செகண்ட் இருக்கும்போது 33 யார்டு ஃபீல்ட் கோல் உதைச்சது யாரு? ஜேடன் ஃபீல்டிங், மிஷிகன் மேட்ச்ல ரெண்டு மிஸ் பண்ணின அதே பையன். 34-23. ஹவார்ட் 21ல 17 பாஸ், 231 யார்டு, ஆஃபென்ஸ்ல சிறந்த வீரர் அவரு, டிஃபென்ஸ்ல கோடி சைமன்.

ரெண்டு தோல்வி, மிஷிகன் கிட்டயும் தோத்துட்டு சாம்பியன்னு சொல்றது நியாயமா?

முழுசா நியாயம்னுதான் நான் சொல்லுவேன். ப்ளேஆஃப்ல அவங்க ஜெயிச்ச நாலு டீமும் சாதாரண டீம் இல்ல, அதுல ஒண்ணு அதுவரைக்கும் தோக்காத ஒண்ணாம் நம்பர். ஓரிகன் கிட்ட வாங்கின தோல்விய அதே ஓரிகன் கிட்டயே திருப்பிக் குடுத்தாங்க. 4 டீம் முறை 2014 சீசன்ல வந்தப்போ முதல் சாம்பியனும் இதே ஓஹையோ ஸ்டேட்தான், அப்பவும் ஃபைனல்ல தோத்தது ஓரிகன்தான், 42-20. யூனிவர்சிட்டி கணக்குல 2024து 9ஆவது பட்டம்.

ஆனா மிஷிகன் மேட்ச் மறந்துடுச்சான்னா இல்ல. கொலம்பஸ்ல பழைய ஆளுங்க கிட்ட கேட்டா ரெண்டும் தனித்தனிக் கணக்குன்னுதான் சொல்லுவாங்க. 12 டீம் முறையால ரெகுலர் சீசன் மதிப்பு குறையுதுங்கிற வாதத்துல உண்மை இருக்கு, பழைய முறைல அந்த 13-10 ஒரு மரண தண்டனை, இப்போ அப்படி இல்ல. எனக்கு இந்த புது முறைதான் பிடிக்குது, 20 வயசுப் பசங்களுக்கு ஒரு கெட்ட சனிக்கிழமைய சரி பண்ண ஒரு வாய்ப்பு இருக்கணும்.

ரயான் டே வேலை தப்பிச்சுதா?

நல்லாவே. மிஷிகன் கிட்ட 1-4ங்கிற கணக்கு அவரைத் துரத்திட்டே இருந்துச்சு, மத்த டீம் எல்லார்கிட்டயும் அவரு ஜெயிக்கிறது யாரும் மதிக்கல. 2025 பிப்ரவரில 7 வருஷ ஒப்பந்தம், வருஷத்துக்கு 1.25 கோடி டாலர். டிஃபென்ஸ் கோச் ஜிம் நோல்ஸ் பென் ஸ்டேட் போனாரு, சிப் கெல்லி என்எஃப்எல்ல ரெய்டர்ஸ் போனாரு. 2025 நவம்பர்ல மிஷிகன் ஊருக்கே போயி 27-9ன்னு ஜெயிச்சாங்க.

அந்த வீரர்கள் எல்லாம் அப்புறம் எங்க போனாங்க?

2025 என்எஃப்எல் டிராஃப்ட்ல, அதாவது டீம்கள் காலேஜ் வீரர்களை வரிசையா தேர்ந்தெடுக்குறதுல, 14 பேரை எடுத்தாங்க. எக்புகா டாம்பா பே, ஜாக்சன் மினசோட்டா, டைலீக் வில்லியம்ஸ் டெட்ராய்ட், முட்டி போன சிமன்ஸ் கன்சாஸ் சிட்டி, இந்த நாலும் முதல் ரவுண்ட். ஜட்கின்ஸ் கிளீவ்லாண்ட், ஹென்டர்சன் நியூ இங்கிலாண்ட், ஹவார்ட் பிட்ஸ்பர்க். ஸ்கூல் முடிச்சு மூணு வருஷம் ஆனாத்தான் என்எஃப்எல் எடுக்கும், அதனால ஸ்மித் காலேஜ்லயே தொடர்ந்தாரு, முதல் வருஷத்துலயே 76 கேட்ச், 1,315 யார்டு, 15 டச்டவுன்.

எல்லா மேட்ச்சும் பாக்க டைம் இல்ல, எதைப் பாக்கலாம்?

மூணு மேட்ச் போதும். முதல்ல நவம்பர் 30 மிஷிகன் மேட்ச், வலிச்சாலும் முழுசா பாருங்க, ஹைலைட்ஸ்ல நடுவுல ஓடுற ஓட்டத்தையெல்லாம் வெட்டிடுவாங்க, அதுதான் முக்கியம். அடுத்தது ரோஸ் பவுல், முதல் பாதி போதும். அப்புறம் ஃபைனல். நேரம் இருந்தா காட்டன் பவுல் கடைசி 10 நிமிஷம் சேத்துக்கோங்க. பாக்கும்போது பந்தை மட்டும் பாக்காம ஒவ்வொரு ப்ளேயும் ஆரம்பிக்கும்போது ஓரத்துல நிக்குற 4ஆம் நம்பர் ஸ்மித்துக்கு எதிர்ல எத்தன பேரு நிக்கிறாங்கன்னு எண்ணிப் பாருங்க, ரெண்டு பேரு அவரு பக்கம் சாஞ்சா நடுவுல வழி இருக்கும், ஒருத்தர்தான்னா பந்து அவருக்கே வரணும்.